குரங்கு எண்ணும் படிப்பு

வணக்கம் ஐயா,

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து எழுதுகிறேன். கிரியான் ஆற்று மின்மினிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். இந்தக் கடிதமும் அவளைப் பற்றித்தான்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். உயிரியலில் ஏ, கணிதத்தில் பி, வேதியியலில் டி. அரசாங்க மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. சூழலியலும் வனவிலங்குப் பாதுகாப்பும்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கல்விக் கண்காட்சியில் ஒரு கல்லூரிக்காரர், ஓராண்டு ஃபவுண்டேஷன் முடித்தால் நேராகப் பட்டப்படிப்புக்குப் போய்விடலாம் என்று சொல்லி விண்ணப்பப் பாரத்தையும் கையில் கொடுத்துவிட்டார். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் பிறையில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன். கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் அந்த ஓராண்டே வீண் என்கிறார் என் அண்ணன். "காட்டில் குரங்கு எண்ணுவதற்கா இத்தனை பணம்? பேசாமல் தாதியர் படிப்புக்கு அனுப்பு" என்கிறார்.

ஃபவுண்டேஷன் என்பது மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசா? நம்மவர்கள் யாராவது இந்தத் துறையில் இருக்கிறார்களா? அவளை அனுப்பலாமா?

தேவகி

* * *

அன்புள்ள தேவகி அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் சொன்னது சரி. அது குரங்கு எண்ணுகிற படிப்புதான். இந்தப் படிப்புக்கான விளம்பரத் தாள்களில் பெண்ணொருத்தி ஒராங் ஊத்தான் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். பட்டம் வாங்கி முடியும்வரை அப்படி ஒரு குட்டி உங்கள் மகளின் இடுப்பில் ஏறப்போவதில்லை. எண்ணுகிற வேலை மட்டும் வாரம் தவறாமல் வரும். விலங்குகளைப் பிடிக்குமா என்று அவளை எல்லாரும் கேட்டிருப்பார்கள். எண்ணுவதற்குப் பொறுமை உண்டா என்று யாராவது கேட்டார்களா?

எனக்கே இது சேற்றில் நின்றபோதுதான் புரிந்தது. என் தங்கை மகள் கோலாலம்பூரில் ஃபவுண்டேஷன் படித்துப் பட்டப்படிப்புக்குப் போனவள். கடைசி ஆண்டு ஆய்வுக்காகப் பாலிக் புலாவ் பக்கம் பக்காவ் என்கிற அலையாத்திக் காட்டில் சேற்று நத்தைகளைக் கணக்கெடுக்க வந்தாள். தனியாகக் காட்டுக்குள் போகக்கூடாது என்பது அவர்கள் விதி. பணி ஓய்வு பெற்ற மாமா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டிச் செய்த சதுரச் சட்டம் ஒன்று, பக்கம் அரை மீட்டர். ஐம்பது மீட்டர் கயிறு. கடலோரத்திலிருந்து காட்டுக்குள் கயிற்றை நேராக இழுத்துக் கட்டி, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை சட்டத்தைச் சேற்றில் வைத்து, உள்ளே கிடக்கும் நத்தைகளை நான் எண்ணிச் சொல்ல வேண்டும். அவள் எழுதிக்கொள்வாள். கடல் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

முதல் சட்டத்தில் ஒன்பது என்றேன். அவள் குனிந்து வேர் இடுக்கிலிருந்த இரண்டைக் காட்டிவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள். நான்காவது இடத்தில் வெறும் சேறு. ஓரடி தள்ளிப் பார்த்தால் நத்தைகள் குவிந்து கிடக்கின்றன. பிள்ளைக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"மாமா, முதலில் வைத்த இடத்திலேயே வையுங்கள்."

"அங்கே ஒன்றுமே இல்லையே அம்மா."

"இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யத்தை விட்டுவிட்டால் காடு முழுக்க நத்தை இருப்பதுபோல் கணக்கு வந்துவிடும்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் நான். அத்தனை காலமும் பூஜ்யத்தைப் பிள்ளைகளைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அன்று மூன்று கயிறு முடித்தோம். என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பும் வழியில், அசையாமல் கிடக்கும் நத்தையை எண்ணிவிடலாம், ஓடுகிறதை எப்படி எண்ணுவாய் என்று கேட்டேன். குளத்து மீனை வைத்து விளக்கினாள். 40 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி வலை போட்டு 50 பிடிக்க வேண்டும். அதில் 10 மீன்களில் அடையாளம் இருந்தால், ஐந்தில் ஒன்று நாம் முன்பு பிடித்தது என்று பொருள். அப்படியானால் குளத்தில் மொத்தம் ஏறக்குறைய 200. புலிக்கு அடையாளமிடவும் தேவையில்லை. எந்த இரண்டு புலிகளுக்கும் வரி ஒன்றுபோல் இருக்காது. காட்டில் கட்டிவைத்த தானியங்கி கேமராவில் விழும் படங்களை வைத்தே இதே கணக்கைப் போடலாம். மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று நாம் செய்தித்தாளில் படித்து உச்சுக்கொட்டுகிறோமே, அந்த எண் 2016 முதல் 2020 வரை நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது. எண்ணுவதற்கு ஆள் இல்லாவிட்டால் உச்சுக்கொட்டவும் வழியில்லை.

கணிதத்தில் பி வாங்கிய பெண் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கணிதத்திடமிருந்து தப்பிக்க இது நல்ல வழி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால், இப்போதே சொல்லிவிடுங்கள். புள்ளியியல் கடைசி ஆண்டுவரை அவள் கூடவே வரும்.

ஃபவுண்டேஷன் ஆண்டு வீண் என்கிற இடத்தில்தான் உங்கள் அண்ணன் தவறுகிறார். எஸ்.பி.எம்.மிலிருந்து நேராகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர் இந்த நாட்டில் யார்? மெட்ரிகுலேஷன் ஓராண்டு. ஆறாம் படிவம் மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. ஃபவுண்டேஷன் ஓராண்டு. எந்தப் பாலத்தில் ஏறினாலும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். பிரிட்டனில் இதைப் பட்டத்தோடேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். சூழலியலும் பாதுகாப்பும் சேர்ந்த பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஃபவுண்டேஷனும் சேர்த்து நான்காண்டாக நடத்துகின்றன. பள்ளியில் வேறு பாடம் எடுத்தவர்களும், ஒரு பாடத்தில் சறுக்கியவர்களும் உள்ளே வருவதற்கென்றே திறந்துவைத்த கதவு அது. அதை ஆறுதல் பரிசு என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு மாணவருக்கு ஓராண்டுக் கட்டணமே பல இடங்களில் ஒரு இலட்சம் ரிங்கிட்டை நெருங்கும், தாண்டவும் செய்யும் என்பதால் நமக்கு அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

உள்ளூரில் எஸ்.பி.எம்.மில் ஐந்து பாடங்களுக்குக் கிரெடிட், அதாவது சி அல்லது அதற்கு மேல், இருந்தால் ஃபவுண்டேஷனில் சேரலாம். அறிவியலுக்கு எந்தெந்தப் பாடம் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் மகளின் வேதியியல் டி இங்கேதான் இடறும். டி தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் இல்லை. தண்ணீரில் உயிர்வளி எவ்வளவு, மண்ணில் புளிப்பு எவ்வளவு என்பதெல்லாம் வேதியியல்தான் என்பதால் இந்தத் துறையில் அதை ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியாது. ஃபவுண்டேஷனில் அதை அடியிலிருந்து மறுபடி படிக்கக் கிடைப்பதை நான் இலாபம் என்றே சொல்வேன்.

கண்காட்சிக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷன் ஒரு வீட்டுச் சாவி. அந்தக் கல்லூரியின் கதவைத் திறக்கும், அதோடு ஒப்பந்தம் உள்ள இரண்டொரு இடங்களைத் திறக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் கதவு பொதுவாக அதற்குத் திறக்காது. என் தங்கை மகளிடம், எங்கே வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம் என்று ஒரு முகவர் வாய் கூசாமல் சொல்லியிருந்தார். ஓராண்டு முடிந்து விண்ணப்பித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அதே கல்லூரியில் தொடர்ந்தாள், நன்றாகவும் படித்தாள். ஆனால் என் தங்கை அடகு வைத்த வளையல் திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே பாரத்தை நிரப்புமுன், ஃபவுண்டேஷன் முடிந்ததும் எந்தப் பட்டம் என்று கேளுங்கள். பல தனியார் கல்லூரிகளில் அறிவியல் ஃபவுண்டேஷன் போய்ச் சேருமிடம் உயிர்த்தொழில்நுட்பமாகவோ மருத்துவ அறிவியலாகவோ இருக்கும். சூழலியல் என்ற சொல் விளம்பரத் தாளில் மட்டும் இருக்கும். வேதியியல் டி இருந்தாலும் ஏற்பார்களா, என்ன தரப்புள்ளி எடுத்தால் பட்டத்துக்குள் விடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று உங்கள் மகளே தேடிப் பார்க்கட்டும். பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்க உயர்கல்விக் கடன் எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும் என்பதையும் கல்லூரியில் கேட்காமல் பி.டி.பி.டி.என்.னிலேயே கேளுங்கள்.

ஆறாம் படிவத்தை ஏனோ நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. சீருடையை இன்னும் ஒன்றரை ஆண்டு போட வேண்டுமே என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். செலவு சொற்பம், சாவியோ பல கதவுகளுக்குப் பொருந்தும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சூழலியலும் பல்லுயிரியமும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. சபா மாநிலத்தில் பாதுகாப்பு உயிரியல் இருக்கிறது. நம் பினாங்கிலேயே அறிவியல் பல்கலைக்கழகம் உயிரியல் நடத்துகிறது. அதன் கடலாய்வு நிலையம் தேசியப் பூங்காவுக்குள் கடற்கரையிலேயே இருக்கிறது. வேதியியல் டி-யோடு அறிவியல் பிரிவில் இடம் கொடுப்பார்களா என்று பக்கத்து ஆறாம் படிவப் பள்ளியில் முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் அதுதான் என் தேர்வு. கிடைக்காவிட்டால் ஃபவுண்டேஷன், அதுவும் சேருமிடம் தெரிந்த ஃபவுண்டேஷன்.

நம்மவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஜார்ஜ் டவுனில் 1977இல் தொடங்கிய சஹாபாட் அலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்கு, 2019இல் மறையும்வரை தலைவராக இருந்தவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ். தமிழ் பேசியவர், வணிகர், எந்தக் காட்டியல் பட்டமும் வாங்காதவர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த மீனாட்சி ராமன் வழக்கறிஞர். மேடையில் ஐந்திணையைப் பற்றி அரைமணி நேரம் முழங்குகிறவர்களைவிட இந்த இருவரையும் நான் அதிகம் மதிக்கிறேன். வழக்காடவும் போராடவும் நம்மில் ஆள் இருந்திருக்கிறது. சேற்றில் இறங்கிக் கணக்கெடுத்து அவர்கள் கையில் தரத்தான் ஆள் குறைவு.

பிழைப்புக்கு என்ன என்று அண்ணன் அடுத்துக் கேட்பார். முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலை, சின்னச் சம்பளம். தாதியர் வேலைபோல் முதல் மாதத்திலிருந்தே உறுதியானது அல்ல, இதை மகளிடமும் மறைக்க வேண்டாம். வனவிலங்குத் துறை, வனத்துறை, கெப்போங் வன ஆய்வுக் கழகம் ஆகியவை எப்போதாவது ஆள் எடுக்கும். அதிகம் எடுப்பவை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள். பெரிய மேம்பாட்டுத் திட்டங்களுக்கு அந்த மதிப்பீடு 1988 முதல் சட்டப்படி கட்டாயம். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் இப்போது ஆள் தேவைப்படுகிறது. நிலைத்த செம்பனைக்கான சான்றிதழ் வேண்டுமென்றால், தோட்டத்தில் எந்தக் காட்டுத் துண்டைத் தொடக்கூடாது என்று யாராவது அளந்து சொல்ல வேண்டும். என் தங்கை மகளின் இன்றைய வேலை அதுதான். எங்கள் அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்துக்கே ஒருநாள் போய் நின்றுகொண்டு, இங்கே தொழிலாளர் குடியிருந்த லயம் எந்தப் பக்கம் இருந்தது மாமா என்று தொலைபேசியில் கேட்டாள்.

குரங்கு எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் விடாமல் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தெலுக் பாஹாங்குக்கு அழைத்துப் போங்கள். ஜார்ஜ் டவுன் படகுத்துறை ஜெட்டியிலிருந்து 101 பஸ். அங்கே சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் கட்டிய பாலம் ஒன்று மரத்துக்கு மரம் தொங்குகிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் மந்திகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக 2019இல் லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற குழு கட்டியது. எந்த இடத்தில் எத்தனை மந்திகள் சாலையைக் கடக்கின்றன என்று பின்தொடர்ந்து குறித்து வைத்திருந்ததால்தான் பாலத்துக்கு இடம் தெரிந்தது. அதிர்ஷ்டம் இருந்தால் தாயின் வயிற்றில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்று தொங்கிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். வளர வளர அந்த நிறம் சாம்பலாகிவிடும்.

இனி உங்கள் மகளுக்கு. கல்லூரிக்குப் பணம் கட்ட இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். வீட்டுக்கு அருகே பெரிய மரம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். தினமும் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் அதன் எதிரே உட்கார்ந்து, வந்து அமரும் காகத்தையும் மைனாவையும் தனித்தனியாக எண்ணி எழுதட்டும். காகமும் நம்மைப் போலக் கப்பலில் வந்ததுதான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் இருந்துவிட்டது. பத்தாம் நாளிலேயே அலுத்துப்போனால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பது நாளும் முடித்துவிட்டால் அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தி எழுதிய நகல் வேண்டாம், மழைத்துளி பட்டிருந்தாலும் மூலத்தாளே போதும். ஒரு பறவையும் வராத காலை இருந்தால் அந்த நாளுக்கு நேரே பூஜ்யம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.