பதினாறு வயதில் கரையேறுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை ஷேன் கூல்ட் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். 15 வயதில் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கியவர் 16 வயதில் நீச்சலை விட்டது எவ்வளவு பெரிய இழப்பு! என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏழு வயதிலிருந்து நீந்துகிறாள், மாநில அளவில் இரண்டு முறை பதக்கம். இப்போது திடீரென்று போதும் என்கிறாள். ஒன்பது வருட உழைப்பு வீணா? தினமும் நாலரை மணிக்கு எழுந்து அழைத்துப் போனவன் நான். கூல்ட் பின்னாளில் வருந்தியிருப்பார்தானே? அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதினால் மகளிடம் காட்டுவேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பிரம்பை வீட்டில் தேடிக் கிடைக்காமல் என்னிடம் கடன் கேட்கிறீர்கள். தருவதாக இல்லை.

முதலில் கணக்கைத் திருத்திவிடுகிறேன். ஐந்து தங்கம் இல்லை, ஐந்து பதக்கம். 1972 மியூனிக்கில் 200, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல், நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் 200 மீட்டர் தனிநபர் மெட்லே மூன்றிலும் தங்கம், மூன்றும் உலக சாதனை. 800 மீட்டரில் வெள்ளி, 100 மீட்டரில் வெண்கலம். அமெரிக்க வீராங்கனைகள் 'மின்னுவதெல்லாம் கூல்ட் அல்ல' என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரும் தங்கமும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை மிரட்ட ஒரு முழு அணி சட்டை தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணோ பரிசு மேடைக்குப் பொம்மைக் கங்காருவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மியூனிக்குக்கு முன்பே 100 முதல் 1500 மீட்டர் வரை ஃப்ரீஸ்டைலின் ஐந்து உலக சாதனைகளும் ஒரே சமயத்தில் அவர் கையில் இருந்தன. 100 மீட்டரில் இன்னொரு ஆஸ்திரேலிய வீராங்கனை டான் ஃப்ரேசர் 1964இல் வைத்த 58.9 விநாடியை 1972 ஜனவரியில் 58.5 ஆக்கினார். 1500 மீட்டரை 17 நிமிடத்துக்குள் நீந்திய முதல் பெண்ணும் அவர்தான். ஆனால் அந்தத் தூரம் அன்று ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடையாது. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் சேர்த்தார்கள், அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி வென்றார். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வரும், விடுங்கள்.

எனக்கு அவருடைய கால்தான் முக்கியம். மற்றவர்கள் இரு கைகளும் ஒரு சுற்று முடிக்கும் முன் ஆறு முறை உதைத்தால், இவர் இரண்டே முறை உதைப்பார். நுரையே எழாது. பழைய படத்துண்டில் அதைப் பார்த்தபோது, இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில்.

எனக்கு நீச்சல் பழக்கியது அத்தை. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். நான் பயத்தில் காலைப் படபடவென்று அடிப்பேன். "தண்ணிய அடிக்காத சாமி, புடிச்சுத் தள்ளு" என்பார். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்தால், கிணற்றின் எதிர்ச்சுவர் ஓரம்தான் தலை தெரியும். ஊரில் எந்த ஆணும் அவருடன் பந்தயத்துக்கு வந்ததில்லை. பதினெட்டு வயதில் கல்யாணம். புகுந்த வீட்டிலும் கிணறு இருந்தது. தண்ணீர் சேந்த மட்டும். நீ நீந்தாதே என்று யாரும் சொல்லவில்லையாம். யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

நண்பரே, கூல்டும் பதினெட்டில்தான் மணம் செய்துகொண்டார். மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் பக்கம் பண்ணை வாழ்க்கை, நான்கு பிள்ளைகள். ஆனால் 1973இல் போதும் என்று சொன்னது அவர் வாய். என் அத்தையிடம் அந்த வார்த்தையைக் கேட்கவே இல்லை. இரண்டையும் ஒரே 'இழப்பு' என்ற கூடைக்குள் போடுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். உங்கள் மகள் வாய் திறந்து போதும் என்றிருக்கிறாள். அதைச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாளோ! நீங்கள் நாலரை மணிக் கணக்கோடு வருகிறீர்கள். அந்த நாலரை மணிக்கு அவளும்தானே எழுந்தாள்? நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது குளிர்ந்த தண்ணீருக்குள் இருந்தது யார்?

வீண் என்கிறீர்கள். கூல்ட் நடுவயதில் மூத்தோர் போட்டிகளில் மறுபடி நீந்தினார். ஆஸ்திரேலியர்களின் நீச்சல் பண்பாட்டைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். 2018இல், 61 வயதில், தீவில் தாக்குப்பிடிக்கும் 'சர்வைவர்' தொலைக்காட்சிப் போட்டியின் ஆஸ்திரேலியப் பதிப்பில் ஜெயித்தார். அவர் வருந்தினாரா என்று கேட்டிருந்தீர்கள். வருந்திய நாளும் இருந்திருக்கும், நிம்மதியாகத் தூங்கிய நாளும் இருந்திருக்கும். அதை எடுத்து உங்கள் வழக்குக்குச் சாட்சியாக்க முடியாது.

நாலு வருடம் முன்பு அத்தை எங்கள் குடியிருப்புக்கு வந்திருந்தார். வயது எழுபத்தி மூன்று. கீழே இருக்கும் நீச்சல்குளத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "ஆழமே இல்லியே" என்றார். அப்புறம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். காவலாளி விசில் ஊதினான். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாதாம், பலகையில் எழுதியிருக்கிறதாம். எழுதித்தான் இருந்தது. அத்தை சண்டை போடவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டார். சேலைக்கரை நனைந்தது. கால் இரண்டும் நுரை எழாமல் மெல்ல மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன.

சரி, உங்கள் விஷயம். நாளைக் காலை அவளை எழுப்பாதீர்கள். உங்களுக்கு விழிப்பு வந்தால் நீங்கள் போய் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், இதுவரை கற்றதாகக் கடிதத்தில் காணோம். இந்தப் பதிலை மகளிடம் தாராளமாகக் காட்டலாம். மேலே உங்கள் கடிதமும் இருக்கிறது, அதை மடித்து மறைக்காமல் காட்டுங்கள்.