மாப்பிள்ளை பேங்க்ராப்டா என்று எங்கே பார்ப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடன், கோர்ட், திவால் என்றே இருந்ததால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பே சொல்லியிருக்கிறேன், நான் வழக்கறிஞர் இல்லை. கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு தூக்கியவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கையெழுத்துப் போடும் முன் உங்கள் லாயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

*மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் ஷா ஆலாமில் சொந்தமாக ஏர்கோன் சர்வீஸ் தொழில் செய்கிறார். ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அவர் பேங்க்ராப்ட் என்று தூரத்து உறவினர் ஒருவர் காதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா? – ஒரு தாய், செந்தூல்*

உண்டு அம்மா. திவால் பதிவு ஒன்றும் ரகசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் பார்க்கலாம். பதிவை வைத்திருப்பது ஜாபாத்தான் இன்சொல்வென்சி மலேசியா என்ற அரசாங்கத் திவால் துறை, தலைமை அலுவலகம் புத்ராஜெயாவில். அவர்களுடைய இ-இன்சொல்வென்சி தளத்தில் கணக்குத் திறந்து, பையனின் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டு, சிறு கட்டணம் கட்டினால் முடிவு வந்துவிடும். மைஇஜி என்ற இணையச் சேவை வழியாகவும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் ஒத்துவராது என்றால் பக்கத்துக் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

ஐசி எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். நம் ஆட்களில் ஒரே பெயரில் எத்தனை பேர்! எங்கள் அலுவலகத்துக்கு வீடு விற்க வந்த ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. அவர் பெயர், அப்பா பெயர் இரண்டுமே வேறொரு திவாலானவருடைய பெயரோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. ஐசியின் கடைசி நான்கு எண்கள் வேறு என்று நான் பேனாவால் கோடு போட்டுக் காட்டும்வரை அந்த மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

சரி, பதிவில் பெயர் இல்லை என்றே வையுங்கள். கோர்ட் அவரைத் திவால் என்று அறிவிக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கழுத்துவரை கடன் இருக்கலாம். அதைக் காட்டுவது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் அறிக்கை, அதை அவர்தான் எடுக்க முடியும், நீங்கள் எடுக்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். திவாலானவர் அனுமதி இல்லாமல் தொழில் நடத்தக்கூடாது, கம்பெனி இயக்குநராகவும் இருக்கக்கூடாது. 'சொந்தத் தொழில்' என்று சொல்லிக்கொண்டு பதிவு மட்டும் தம்பி பெயரில் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டியதுதான். கேட்டேவிடுங்கள் அம்மா. சம்பளத்தை எப்படியும் கேட்கத்தானே போகிறோம், கடனைக் கேட்க மட்டும் என்ன கூச்சம்?

*பிறையில் தொழிற்சாலை வேலை. கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் எல்லாம் ஒரே வங்கியில், சேர்த்து 68,000 வெள்ளி (ரிங்கிட்). வங்கியின் லாயரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. நாமே போய்த் திவால் மனு போட்டுவிட்டால் மூன்று வருடத்தில் எல்லாம் கழிந்துவிடும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். எங்கே போய்ப் போடுவது? – பிறை வாசகர்*

தம்பி, எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடன்பட்டவரே மனு போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனு போடும் இடம் உயர்நீதிமன்றம். உங்களுக்கு ஜோர்ஜ்டவுன் லெபோ லைட்டில் இருக்கிறது, கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் டூத்தா. மனுவோடு சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட் கட்டணமும் இன்சொல்வென்சி துறைக்கு வைப்புத் தொகையும் கட்ட வேண்டும். ஆமாம், திவாலாவதற்கும் காசு வேண்டும்.

ஆனால் போடாதீர்கள். குறைந்தபட்சம் இப்போதைக்கு.

68,000 வெள்ளிக்கு அந்த வங்கி உங்களைத் திவாலாக்க முடியாது. ஒரு காலத்தில் 30,000 வெள்ளி இருந்தாலே போதும் என்று இருந்தது, 2017ல் 50,000 ஆனது, கோவிட் சமயத்தில் 1 லட்சம் ஆக்கினார்கள், 2021 செப்டம்பரிலிருந்து அதுவே நிரந்தரம். வேறு வேறு இடங்களில் கடன் இருந்து, அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து மனு போட்டால் கடன்களைக் கூட்டிப் பார்ப்பார்கள்; உங்களுக்கு ஒரே வங்கி. அதற்காகக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், 68,000 எப்போது 1 லட்சத்தைத் தொடும் என்பதை உங்கள் ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு முன்பே வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கலாம், வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய ஆள் அனுப்பலாம். அதற்கெல்லாம் திவால் தேவையே இல்லை.

மூன்று வருடக் கதைக்கு வருகிறேன். நண்பர் சொன்னது பாதி உண்மை. 2017ல் சட்டத்தைத் திருத்தித் தானாக விடுதலை ஆகும் வழியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மூன்று வருடம் கோர்ட் உத்தரவு போட்ட நாளிலிருந்து ஓடாது. நீங்கள் இன்சொல்வென்சி அலுவலகத்தில் 'பென்யாதா ஹால் எஹ்வால்' என்ற சொத்து, கடன் விவரப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தீர்களே, அந்த நாளிலிருந்துதான் ஓடும். கொடுக்கவில்லையா? பத்து வருடம் ஆனாலும் பூஜ்யம்தான். கொடுத்த பிறகும் உங்களுக்கு ஒரு தொகை நிர்ணயிப்பார்கள், அதைக் கட்டி முடிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால் தானாக எதுவும் நடக்காது. அதுவரை அனுமதி இல்லாமல் சிங்கப்பூருக்குக்கூடப் போக முடியாது. திவால் என்று சொல்லாமல் 1,000 வெள்ளிக்கு மேல் கடன் வாங்கினால் அது குற்றம். வேலை போகாது, இபிஎப் பணத்தில் கை வைக்க மாட்டார்கள். வீட்டுக் கடன் இருந்தால் வங்கி வீட்டை ஏலம் விடுவதைத் திவால் தடுக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போவேன். பேங்க் நெகாரா 2006ல் தொடங்கியது, ஒரு காசு வாங்க மாட்டார்கள், பினாங்கிலும் கிளை இருக்கிறது. சம்பள ஸ்லிப்பையும் கடன் கடிதங்களையும் பார்த்துவிட்டு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று உங்களுக்காக வங்கியிடம் பேசுவார்கள். திவாலான பிறகு போனால் அந்தத் திட்டத்தில் சேர முடியாது, அதனால்தான் 'முதலில்' என்றேன். ஆலோங்கிடம், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரரிடம், வாங்கிய கடனுக்கு அவர்கள் பொறுப்பு இல்லை. அப்படி ஏதாவது இருந்து எழுத வெட்கப்பட்டிருந்தால் அதையும் தனியாக எழுதுங்கள்.

முக்கியமாக, வரும் கடிதங்களைப் பிரியுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் மைலோ டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார், உள்ளே இரண்டு வருடக் கடிதம், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அடியில் கிடந்தது திவால் நோட்டீஸ். அதைக் கையில் வாங்கினால் ஏழே நாள்தான் அவகாசம். பணம் கட்ட வேண்டும், அல்லது கோர்ட்டில் எதிர்க்க வேண்டும். அவருக்கு அந்த ஏழு நாள் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

*தம்பி வேன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவன் கட்டவில்லை, என்னைத் திவாலாக்குவோம் என்கிறார்கள். ஜாமீன்காரரைத் திவாலாக்க முடியாது என்று சட்டம் வந்துவிட்டதாமே? – பிரிக்பீல்ட்ஸ் வாசகி*

வேன் எதற்கு, தங்கச்சி? குடும்பத்தோடு போய்வர என்றால் நீங்கள் சமூக ஜாமீன்தாரர், 2017 திருத்தத்துக்குப் பிறகு உங்களைத் திவாலாக்க முடியாது. படிப்புக் கடன், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான கடன், தொழிலுக்கு அல்லாத வாகனம், இந்த மூன்றும் அதில் வரும், ஜாமீன் போட்டதற்கு நீங்கள் லாபம் எதுவும் வாங்கியிருக்கக்கூடாது. தம்பி அந்த வேனில் கேட்டரிங் சாப்பாடு ஏற்றுகிறார் என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் தம்பியிடம் வசூலிக்க எல்லா வழியும் பார்த்துவிட்டுக் கோர்ட் அனுமதி வாங்கித்தான் உங்களிடம் வர முடியும். வாங்கியபோது போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

*வயது 72. லோரி தொழில் நொடித்து 2009ல் பேங்க்ராப்ட் ஆனேன். பயத்தில் அந்த ஆபீஸ் பக்கமே போகவில்லை. இப்போது பழனிக்குப் போய்வர ஆசை. ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்களா? – பட்டர்வொர்த் பெரியவர்*

ஐயா, டிக்கெட் வாங்கும் முன் பேரப்பிள்ளையை விட்டு இமிகிரேசனின் பயணத் தடைச் சோதனைத் தளத்தில் உங்கள் ஐசி எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இலவசம்தான். தடை இருந்தால் பிடித்து உள்ளே வைக்க மாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள். அதுவே அவமானம்தான், டிக்கெட் காசும் போகும்.

அப்புறம் பினாங்கு இன்சொல்வென்சி கிளைக்குப் போங்கள். இவ்வளவு வருடம் கழித்துப் போனால் திட்டுவார்களோ என்று நினைக்காதீர்கள், உங்களைப் போல் ஒளிந்திருந்து வந்தவர்கள் அந்தக் கவுண்டரில் நிறையப் பேர். பயணத்துக்கு அங்கேயே அனுமதி கேட்கலாம், எங்கே, எத்தனை நாள், செலவு யார் செய்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். மகன் செலவு செய்கிறார் என்றால் அவர் கடிதம் ஒன்றும் கொண்டுபோங்கள். ஆனால் அதற்காக மட்டும் போகாதீர்கள். 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்தில், 70 வயதைக் கடந்து, இனிப் பணம் கட்ட இயலாதவர் என்று துறைத் தலைவர் கருதினால் அவரை விடுவிக்கலாம் என்று இருக்கிறது, கடன் கொடுத்தவர்கள் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. தீராத நோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இதே மாதிரிச் சலுகை உண்டு. இதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பதற்றத்தில் மறந்துவிடும்.

ஐசி, 2009 கோர்ட் கடிதம் இருந்தால் அது, ஆஸ்பத்திரி கார்டு, வருமானம் என்று ஏதாவது இருந்தால் அதன் காகிதம், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். 2009 கடிதம் தொலைந்துவிட்டது என்று சொல்வீர்கள், பரவாயில்லை, ஐசி எண்ணைத் தட்டினால் அவர்களிடம் கோப்பு வரும். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், வேறு நாள் பார்த்துக் காலையிலேயே போய்விடுங்கள்.