அதிகம் பேசப்படாத தமிழ் நாவல்களையும் கவிதைகளையும் பிறருக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

முதலில், பட்டியல் போடாதீர்கள். நீங்கள் நிறைய வாசிப்பவர் என்றும், நீங்கள் சொல்லும் நூல்களை நண்பர்கள் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். பத்து நூல்களின் பெயரைக் கேட்டவர் ஒன்றையும் வாங்கமாட்டார்; அவருடைய பாடு தெரிந்து ஒரே நூலைக் கையில் கொடுத்தால், பெரும்பாலும் வாசித்துவிடுவார்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்தைச் சேர்ந்தவள். அடுத்த வீட்டு அக்கா அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்பவர். பள்ளியை விட்டபின் கதைப்புத்தகம் எதையும் தொட்டதில்லை. அவரிடம் எங்கள் பக்கத்து வெள்ளிக்கோட்டைச் சேர்ந்த மலர்வதியின் ‘தூப்புக்காரி’ நாவலைக் கொடுத்தபோது, அது 2012இல் இளம் எழுத்தாளருக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது பெற்றது என்பதை நான் சொல்லவில்லை. துப்புரவு வேலை செய்யும் ஒரு தாயும் அவள் மகளும் படும் பாடு நம் பேச்சிலேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அண்டிப்பால் பட்டுக் கறுத்த விரல்களின் கறை ஒட்டிவிடக் கூடாதென்று, பத்திரிகைத் தாளில் அட்டை போட்டுக்கொண்டு வாசித்தார். பாதியில் எழுந்து மதிலோரம் வந்து, “இத எழுதினது நம்ம வெள்ளிக்கோட்டுப் பிள்ளையா, மக்களே?” என்று கேட்டார். அடுத்து, 1964இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலைத் தந்தேன். பெரியவளானதும் வீட்டுக்குள் அடைபடும் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜை விரும்புவதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது, அந்த வீட்டில் தாமே இருந்ததுபோல் இருந்தது.

சொந்த மாவட்டத்தாரையே தூக்கிப் பிடிக்கிறேன் என்று சிலர் குறை சொல்லலாம். மதுரையில் இருந்திருந்தால் வேறு நூலைத் தந்திருப்பேன். பழகிய மண்ணிலிருந்து தொடங்குபவர் பிறகு எங்கும் போவார். இவற்றை ‘வட்டார இலக்கியம்’ என்று முத்திரை குத்தி ஒதுக்குவோர்மீதுதான் எனக்கு வருத்தம். எங்கள் பக்கத்துப் புத்தகக்கடை ஒன்றிலும், போட்டித் தேர்வுக் கையேடுகள்தான் விற்கும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

நேரமில்லை என்பவருக்கு, அழகியபாண்டிபுரத்தில் பிறந்து 1976இல் இளம் வயதிலேயே மறைந்த கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ சிறுகதையைக் கொடுங்கள்; பூனைக்கும் கிளிக்கும் நடக்கும் தேர்தலை வைத்தே மாமியாரின் அதிகாரத்தைச் சில பக்கங்களில் காட்டிவிடுகிறார். கவிதைத் தொகுப்பை மட்டும் வெறுமனே நீட்டாதீர்கள். என்.டி. ராஜ்குமாரின் கவிதைகளில் மந்திரவாதமும் நாட்டார் தெய்வங்களும் வந்திறங்கும் வேகம் வாய்விட்டு வாசித்தால்தான் பிடிபடும்; ஒரு கவிதையை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள், அவர் இன்னொன்று கேட்டால் தொகுப்பைக் கொடுங்கள்.