டி.என்.ஏ-வில் மின்சாரம்: மழைநாள் கேள்வி பதில்

பினாங்கில் காலையிலிருந்து மழை. கெலுகோர் ஆய்வகத்துக்குப் போகவில்லை, அதனால் கேளுங்கள்.

கே (பட்டர்வொர்த்): அக்கா, டி.என்.ஏ மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

ப: அவரவர் அளந்ததைத்தான் சொன்னார்கள். 1999-ல் ஃபிங்க், ஷோனன்பெர்கர் என்ற இயற்பியலாளர்கள் வெற்றிடத்தில் டி.என்.ஏ கற்றை நன்றாகவே கடத்துகிறது என்றார்கள். 2000-ல் டெக்கர் குழு 10.4 நானோமீட்டர் துண்டை அரைக்கடத்தி என்றது. அதே ஆண்டு டி பாப்லோ குழு, மைக்கா என்ற கனிமத் தகட்டின்மேல் கிடந்த டி.என்.ஏ கடத்தவே இல்லை என்றது. துண்டு வேறு, நீளம் வேறு, கிடந்த தரை வேறு. ஈரப்பதமும் உப்பும் குறிக்காத எண்ணை நம்பாதீர்கள்.

கே (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஈரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ப: முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தால் நமுத்துப்போகும் அல்லவா? டி.என்.ஏ-வும் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஈரம் தாராளமாக இருந்தால் காரங்கள் (டி.என்.ஏ-வின் எழுத்துகளான அடினின், தைமின், குவானின், சைட்டோசின்) 0.34 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கி நிற்கும். மின்னூட்டம் தாவிப் போவது அந்த அடுக்கின் வழியாகத்தான். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு இறங்கினால் காரங்கள் சாய்ந்து வடிவமே மாறிவிடும். அப்புறம் டி.என்.ஏ-வின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட்டைச் சுற்றி, உப்பிலிருந்து வந்து நிற்கும் சோடியம் அயனிகள். அவை கொஞ்சம் நகர்ந்தாலே குவானினிலிருந்து குவானினுக்குத் தாவுவது எளிதாகும், அல்லது தடைபடும்.

கே (பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை டெக்னீஷியன்): அக்கா, இது வெறும் லீக்கேஜ், ஈரத்தின் வழியாகக் கசிகிற மின்சாரம். எங்கள் போர்டிலும் மழைநாளில் இதே கதைதான்.

ப: தம்பி, பாதி சரி. டி.என்.ஏ-வே இல்லாமல் உப்புக் கரைசலை மட்டும் இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே காயவைத்தேன். மழைக்குப் பின் ஜன்னலைத் திறந்ததும் மின்னோட்டம் ஏறியது.

கே (அதே தம்பி): அப்படியானால் எல்லாம் தண்ணீர்தானே?

ப: இல்லை. 2004-ல் தாவ் என்ற ஆய்வாளரின் குழு தண்ணீருக்குள்ளேயே ஒற்றை டி.என்.ஏ மூலக்கூறை அளந்தது. குவானின்–சைட்டோசின் ஜோடிகள் கூடக்கூட, கடத்துதிறன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்தது. நடுவே அடினின்–தைமின் ஜோடிகளைச் செருகினாலோ மடமடவென்று சரிந்தது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று உப்புத் தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

கே (ஈப்போ): கைப்பேசி டி.என்.ஏ-வில் மின்சாரம் பாய்ச்சுமா?

ப: என் துறை இல்லை. மருத்துவ இயற்பியலாளரைக் கேளுங்கள்.

கே (கிள்ளான்): டி.என்.ஏ மின்கடத்தியா?

ப: முதல் பதிலைப் படியுங்கள், ஐயா.

கே (பாயான் லெப்பாஸ்): அக்கா, அந்த உப்புச் சோதனையில் எத்தனை நானோஆம்பியர் வந்தது?

ப: சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஈரப்பதத்தைக் குறித்துவைக்க மறந்துவிட்டேன்.