ஏப்ரல் 2-இல் 18 வயது: மகளின் பெயரை எப்போது சேர்க்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு வரும் ஏப்ரல் 2-ஆம் தேதி 18 வயது நிறைகிறது. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "அடுத்த ஜனவரி வரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியாது, 500 ரூபாய் கொடுத்தால் இப்போதே முடித்துத் தருகிறேன்" என்கிறார் இங்குள்ள இன்டர்நெட் மையக்காரர். கொடுக்கலாமா?
– ஒரு தாய், பரமக்குடி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. பெயர் சேர்ப்பதற்குக் கட்டணமே கிடையாது.

ஜனவரிக் கணக்கு பழைய கதை. 1989-இல் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-க்குக் குறைத்தார்கள். ஆனால் ஜனவரி 1-இல் 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியால், ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளைகள் ஓராண்டு காத்துக் கிடந்தார்கள். சட்டத்தைத் திருத்தியதால், 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாள்கள்; இவற்றில் எந்த நாளில் 18 நிறைந்திருந்தாலும் போதும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் "ஜனவரியில் வாருங்கள்" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், அந்தச் சட்டத்திருத்தம் யாருக்காக வந்தது?

உங்கள் மகள் ஏப்ரல் 1-ஐ ஒரே நாளில் தவறவிடுகிறாள். அவளுக்குரிய நாள் ஜூலை 1. ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் வந்தால், 18 நிறைந்திருந்தும் அவளால் வாக்களிக்க முடியாது. வருத்தம்தான், குறுக்கு வழி இல்லை. 17 முடிந்திருப்பதால், பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம்.

"பிறந்த தேதியை ஒரு நாள் மாற்றிப் போட்டுவிடலாம்" என்று அந்த மையக்காரர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். படிவத்தில் உறுதிமொழி தருவது உங்கள் மகள். பொய்த் தகவலுக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ அவளுக்குத்தான். பணம் வாங்கியவருக்கு என்ன?

இன்னொன்றையும் பலமுறை பார்த்திருக்கிறேன். இவர்கள் தங்கள் கைபேசி எண்ணையே படிவத்தில் போட்டுவிடுவார்கள். விசாரணைக்கு அழைக்கும் குறுஞ்செய்தி அங்கே போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பெயர் தானாகத் தமிழுக்கு மாறும்போது 'கனிமொழி' 'கனிமோழி' ஆகும். அதைத் திருத்த மறுபடி படிவம் 8, மறுபடி 500.

விடுதி விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். பரமக்குடி வீட்டு முகவரியிலும் பதியலாம், மதுரை விடுதி முகவரியிலும் பதியலாம், இரண்டிலும் கூடாது. விடுதி என்றால் அங்கே படிக்கிறாள் என்பதற்கான போனஃபைட் சான்றிதழைக் கல்லூரியில் வாங்க வேண்டும், படிப்பு முடிந்ததும் முகவரியை மாற்ற வேண்டும். தேர்தல் நாளில் ஊருக்கு வந்துவிட முடியும் என்றால் வீட்டு முகவரியே போதும். வர முடியாது என்றால் தயங்காமல் விடுதியைக் கொடுங்கள். "விடுதிப் பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை" என்று யாராவது சொன்னால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், முகவரிச் சான்று, புகைப்படம் இவற்றோடு அவளே தன் கைபேசியில் தேர்தல் ஆணையத்தின் ECINET செயலி (முன்பு வோட்டர் ஹெல்ப்லைன்) வழியாக விண்ணப்பிக்கட்டும். சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணை அழையுங்கள். வாக்காளர் அட்டை வரத் தாமதமானால் பதற வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரைக் காட்டி வாக்களிக்கலாம். ஜூலையில் பட்டியலைத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும்.