காய்ச்சலில் எடைக்குறைப்பு ஊசி: வாசகர் கேள்விகள்

கீழக்கரை வாசகி: எடை குறைய வாரம் ஒருமுறை மவுன்ஜாரோ போடுகிறேன். இப்போது ஃப்ளூ காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை. நாளை ஊசி நாள். "விட்டா காசு வீண்" என்கிறார் மெடிக்கல்காரர். போடலாமா?

மெடிக்கல்காரரை விடுங்கள். எழுதிக்கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் போடுங்கள். இந்த மருந்து பசியை அடக்கும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், சிலருக்கு வாந்தியும் வரும். காய்ச்சலில் நீர் வற்றிய உடம்பில் இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். ஒரு ஊசி தள்ளிப்போனால் எல்லாம் போச்சு என்று பயப்படாதீர்கள். போட்ட மருந்தில் பாதி 5 நாள் கழித்தும் உடம்பில் இருக்கும். தவறிய ஊசியை 4 நாட்களுக்குள் போடலாம். தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு, அடுத்த ஊசி நாளில் போட வேண்டியதுதான். தொடர்ந்து சில வாரம் விட்டுப்போனால், பழைய அளவிலேயே தொடங்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

காசு? பல தவணை மருந்து அடங்கிய ஊசிப் பேனாவைத் திறந்தால் 30 நாளில் தூக்கிப் போட வேண்டும் என்பதால் ஒரு தவணை வீணாகலாம்தான். ஆகட்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறது என்றால் போனெல்லாம் வேண்டாம், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில் மச்சான் மதுரையிலிருந்து மவுன்ஜாரோ பேனாவை ஐஸுக்குள் புதைத்து அனுப்பினார். உறைந்துவிட்டது. உருகியதும் போடலாமா?

கூடாது. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே இருக்கிறது. மச்சான்தான் படிக்கவில்லை, நீங்களுமா?

பாம்பன் வாசகர்: காய்ச்சலுக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கேட்டேன். ஆரஞ்சு சுவையில் டெட்ரா பாக்கெட் கொடுத்தார்கள். சரிதானா?

இதில் எனக்குப் பழைய கடுப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 20.5 கிராம் பொடி, 1 லிட்டர் தண்ணீர். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், மீதி உப்புகள். அளவு மாறினால் வேலை கெடும். சர்க்கரை கூடிய பானம் வயிற்றுப்போக்கை இன்னும் இழுத்துவிடும். ஆனாலும் பல வருடம் ஜூஸுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் ஒட்டி, மருந்துக்கடை அலமாரியிலேயே அடுக்கி விற்றார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நானே அதைப் பெட்டியோடு வாங்கியிருக்கிறேன், பொடியைவிடப் பல மடங்கு விலையில். ஒருவழியாக 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூஸுக்கு அந்தப் பெயரை வைக்கத் தடை போட்டது. இனி பொடியாகவே கேளுங்கள். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று உறையில் இருக்கிறதா பாருங்கள். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கும் கைப்பக்குவம் வேண்டாம்.

ஏர்வாடி வாசகி: பில் போட்டால் வரி சேரும் என்று மெடிக்கல்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார். வீட்டில் பார்த்தால் ஊசி அட்டையின் சீல் உடைந்திருக்கிறது. திருப்பி வாங்க மாட்டாராம். என் தப்புதானா?

இல்லை அம்மா. பில் தராதது 2019 நுகர்வோர் சட்டப்படி அவர் செய்த முறைகேடு. ஊசியைப் போடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். பேட்ச் எண் தெரிய அட்டையைப் படம் எடுங்கள், ஜிபே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், மருந்து ஆய்வாளருக்கும் ஒரு மனு எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.