டொர்னாடோ போன பிறகு எஞ்சுபவை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1925-ல் அமெரிக்காவின் மிசௌரி, இல்லினாய், இண்டியானா மாநிலங்களைத் தாக்கிய டொர்னாடோ என்ற சுழற்காற்றின் நூற்றாண்டையொட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு இரண்டு கேள்விகள். நிலநடுக்கம் என்றால் இடிபாடாவது மிஞ்சும். டொர்னாடோ சில நிமிடங்களில் வந்து போய்விடுகிறது, ஊரையும் மறுபடி கட்டிவிடுகிறார்கள். பாதுகாத்து வைக்க அங்கே என்ன இருக்கிறது? இன்னொன்று, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மறக்கத்தானே நினைப்பார்கள்? வருஷா வருஷம் நினைவுநாள் நடத்துவது புண்ணைக் கிளறுவது ஆகாதா? பனியன் தொழில் விஷயமாக நான் அடிக்கடி டாக்காவுக்குப் போய்வருகிறேன். அங்கே டொர்னாடோ பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உடனே எழுத வைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

என்ன மிஞ்சுகிறது என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் காகிதம்தான் மிஞ்சுகிறது. 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் ஒரே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் டொர்னாடோக்களில் இறந்தார்கள். பிய்ந்துபோன வீடுகளிலிருந்த புகைப்படங்களும் சான்றிதழ்களும் காற்றோடு மேலே போய், எங்கெங்கோ முன்பின் தெரியாதவர்களின் தோட்டங்களில் விழுந்தன. அலபாமாவில் லெஸ்டர் என்ற ஊரில் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் அப்படி விழுந்த படங்களைப் பார்த்துவிட்டு, உரியவர்களைக் கண்டுபிடிக்க ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார். யார் யாரோ கண்டெடுத்ததை எல்லாம் அதில் போட்டார்கள். ஏராளமான படங்கள் வீடு திரும்பின. வீடே இல்லாதவர்களுக்குத் திரும்பி வந்தது அந்தப் படம் மட்டும்தான்.

அலபாமாவின் ஃபில் கேம்ப்பெல் என்ற சிறிய ஊரிலிருந்து கிளம்பிய ஒரு புகைப்படம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி டென்னசியில் கிடைத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வானிலை ஆய்வாளர் ஜான் நாக்ஸும் அவருடைய மாணவர்களும் அந்த ஃபேஸ்புக் பக்கத்தில் பதிவான 900-க்கும் மேற்பட்ட பொருட்களை எடுத்துக்கொண்டு, எது எங்கே கிளம்பி எங்கே விழுந்தது என்று கணக்கிட்டார்கள். டொர்னாடோ தூக்கும் பொருட்கள் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போகும் என்பதற்கு அதற்கு முன் இவ்வளவு விரிவான ஆதாரம் இருந்ததில்லை.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1957 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரை டொர்னாடோ தாக்கியபோது, ஊர்க்காரர்கள் பலர் அதைப் படம் எடுத்திருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்து சிகாகோவில் பணியாற்றிய வானிலை ஆய்வாளர் தெட்சுயா ஃபுஜிட்டா அந்தப் படங்களை நூற்றுக்கும் மேல் திரட்டி, எது எந்த இடத்திலிருந்து எந்த நிமிடத்தில் எடுக்கப்பட்டது என்று வரிசைப்படுத்தினார். டொர்னாடோவைச் சுமக்கும் மேகத்தின் அமைப்பை இன்று விளக்கும் அடிப்படைகள் பல அந்த ஆய்வில் உருவானவை. டொர்னாடோவின் வலிமையை அளக்கும் ஃபுஜிட்டா அளவுகோலை அவர் 1971-ல்தான் தந்தார். சாதாரண மக்கள் பதற்றத்தில் எடுத்து, தூக்கிப் போடாமல் வைத்திருந்த படங்கள் அவை. பாதுகாக்க என்ன இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் அதுதான்.

சரி, இரண்டாவது கேள்வி. பறிகொடுத்தவர் பேச விரும்பவில்லை என்றால் அது அவர் உரிமை. அவரை மேடையில் ஏற்றி அழ வைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அவர் மௌனமாக இருப்பதும், ஊரும் அரசும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல. 1925 மார்ச் 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் 695 பேர். இல்லினாயின் மர்ஃபிஸ்பரோவில் மட்டும் 234 பேர். டி சோட்டோ ஊரில் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள் போனார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று சொல்லி, முன்னறிவிப்பில் டொர்னாடோ என்று குறிப்பிடுவதையே அன்றைய வானிலைத் துறை தடுத்து வைத்திருந்தது. தடை நீங்கியது 1938-ல். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது இந்தக் கொள்கையையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பியின் டூபெலோ சாட்சி. 1936 ஏப்ரல் 5 அன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அன்றைய பத்திரிகைகளும் பதிவேடுகளும் கறுப்பின மக்களை முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையான எண்ணிக்கை கூடுதல் என்று பின்னால் எழுதியவர்கள் சொல்கிறார்கள். கூடுதல் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஒரு வயதுக் குழந்தையாக அந்த ஊரில் உயிர் தப்பியது எல்லோருக்கும் தெரிகிறது. கம் பாண்ட் என்ற குளத்தங்கரையில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. இது எனக்கு இன்றும் கோபம் தருகிற விஷயம்.

நினைவு உயிர் காக்கவும் உதவும். 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்லினில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது, சைரனும் ஒலித்தது. பிழைத்தவர்களிடம் ஆய்வாளர்கள் பேசியபோது ஒன்று புரிந்தது: அடிக்கடி கேட்டுப் பழகிய சைரன் என்பதால் பலர் உடனே பதுங்கவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், டி.வி.யைப் போட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கை வாசகங்களையே மாற்றி, என்ன சேதம் வரும் என்று நேராகச் சொல்ல ஆரம்பித்தது. ஞாபகம் சூடாக இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டதால் கிடைத்த மாற்றம் இது.

இனி உங்கள் கடைசி வரி. உலகில் இதுவரை மிக அதிக உயிர்களைப் பறித்த டொர்னாடோ அமெரிக்காவில் வீசியதல்ல. நீங்கள் போய்வரும் டாக்காவுக்கு மேற்கே, ரோடு வழியாக இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வீசியது. 1989 ஏப்ரல் 26, மாலை நேரம். கடும் வறட்சியில் மழைக்கு ஏங்கிக் கிடந்த பகுதி அது. தௌலத்பூர், சாட்டூரியா வட்டாரங்களில் ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள், 12,000 பேர் காயமடைந்தார்கள், 80,000 பேர் வீடிழந்தார்கள். உலக வானிலை அமைப்பு 2017-ல் இதை உலகச் சாதனைப் பதிவில் சேர்த்தது. 1,300 என்பதுகூட ஒரு மதிப்பீடுதான், ஆளாளாக எண்ணி வந்த கணக்கல்ல.

அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். அன்றைய இளைஞர்களுக்கு ஐம்பது, அறுபது வயது. எந்த வீட்டில் யார் போனார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுத ஒரு நோட்டும், வங்காளம் பேசும் நாலைந்து மாணவர்களும் போதும். அதற்கான செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். டாக்காவில் உங்களோடு தொழில் செய்கிறவர்களில் மாணிக்கஞ்ச்காரர்கள் நிச்சயம் இருப்பார்கள். அடுத்த முறை போகும்போது அவர்களிடம் சாட்டூரியா பற்றிக் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.